பாதிச் செங்கல்

அப்பா கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. “எல்லாரும் இப்படி வந்து உட்காருங்கள்” என்றார். உயில் வாசிக்கப்போகிறவரின் குரல். பிறகு மெதுவாகச் சொன்னார்: சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, கமோடு முழுக்கச் சிவந்துவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி டாக்டரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.

நான் மட்டும் பாய்ந்து எழுந்து, “அப்பா, ஃப்ளஷ் செய்வதற்கு முன்பே சிவப்பாக இருந்ததா, பின்புதானா?” என்று கேட்டேன்.

“முன்பே.”

“அப்படியானால் கசிகிறது!” என்று கை தட்டிவிட்டேன். அந்த நிமிடம் வீட்டார் என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு முறை சந்திக்க எனக்குத் தெம்பில்லை.

நடந்தது இதுதான். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டரின் சின்னச் சக்கரம் நகர்ந்துகொண்டே இருந்தது. கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க எளிய வழி, தொட்டிக்குள் சில சொட்டு உணவுச் சாயத்தை விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருப்பது. சாயம் கீழே கமோடுக்குள் இறங்கியிருந்தால் அடைப்பான் சரியாக மூடவில்லை என்று பொருள். கையில் அகப்பட்டது சிவப்புச் சாயம். நீலமாக இருந்திருக்கலாம். வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் இருக்கலாம்.

மறுநாள் பிளம்பர் வந்து தொட்டி மூடியைத் திறந்தார். உள்ளே கை விட்டு, பாசி பிடித்த ஒரு பாதிச் செங்கல்லை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். “இது யார் வேலை?”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் சேமிப்பில் ஆர்வம் கொண்டு நான் போட்டதுதான். தொட்டியில் செங்கல் இருந்தால் அதன் பருமனுக்குத் தண்ணீர் குறையும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1 லிட்டர் மிச்சம் என்பது அன்றைய என் அறிவியல். செங்கல் தண்ணீரில் ஊறினால் உதிரும் என்பதை அந்த அறிவியல் கணக்கில் எடுக்கவில்லை. பிளம்பர் அடைப்பானைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். கறுப்பு ரப்பரின் விளிம்பு ஓரமாகக் கடுகளவில் நாலைந்து சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. அந்தக் கடுகு விட்ட இடைவெளியில்தான் இரவும் பகலும் தண்ணீர் போயிருக்கிறது. செங்கல்லுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“ரப்பரை மாற்றினால் போதும் சார்” என்றார் பிளம்பர். மனைவியும் அதையே சொன்னாள். இருவரும் சொன்னது சரி. ஆனால் நான் முதல் நாள் இரவே கணக்குப் போட்டுவிட்டேன். பழைய தொட்டி ஒரு முறைக்கு 13 லிட்டர். ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து முறை என்றால் நாளைக்கு 325 லிட்டர். இரண்டு பொத்தான் வைத்த புதிய வகையில் பெரியதற்கு 6, சிறியதற்கு 3. ஆளுக்கு ஒன்று பெரியது, நான்கு சிறியது என்றால் மொத்தம் 90 லிட்டர். அதாவது 235 லிட்டர் மிச்சம். பாதிச் செங்கல் போக 12 லிட்டர்தானே என்று யாரும் திருத்த வேண்டாம். அந்தச் செங்கல்லைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

கமோடு வாங்குவதற்குள் நான் அந்தத் துறையில் அரைப் பண்டிதனாகிவிட்டேன். இரட்டைப் பொத்தானை 1980இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம். அப்போது அதன் அளவு 11 லிட்டரும் ஐந்தரை லிட்டரும். அமெரிக்காவில் 1994 முதல் வீட்டுக் கமோடுகளுக்கு 6 லிட்டர் என்று சட்டம் வந்தது. முதலில் வந்த பலவற்றில் தண்ணீரை மட்டும் குறைத்துவிட்டுக் கிண்ணத்தின் வடிவத்தை அப்படியே விட்டதால், ஜனங்கள் இரண்டு முறை ஃப்ளஷ் செய்து சட்டத்தைத் தோற்கடித்தார்கள். பின்னர் வளைகுழாயை அகலமாக்கி, தண்ணீர் இறங்கும் வேகத்தைக் கூட்டினார்கள். எது எவ்வளவு தள்ளும் என்று சோதிக்க, அசலுக்குப் பதில் சோயா விழுதை உருட்டிப் போட்டு எடை பார்க்கிறார்கள். கடைசித் தகவலைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது என் தவறு.

வாங்கும்போது சுவருக்கும் தரைக்குழாயின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். நான் சுவரிலிருந்து அளக்காமல் அடிச்சுவர் ஓட்டிலிருந்து அளந்தேன், டேப்பையும் நடுப்புள்ளிக்கு முன்பே நிறுத்திவிட்டேன். 12 அங்குலம் 10 ஆகிவிட்டது. இப்போது தொட்டி சுவரை ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளி, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல நிற்கிறது. வேலைக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. பழைய தொட்டி ஃப்ளஷ் செய்தால் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுவார். புதியது ‘ஸ்’ என்று ஒரு மூச்சு விட்டு அடங்கிவிடும். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை. “சத்தமில்லாமல் போனால் போனதாக எப்படி எடுத்துக்கொள்வது?” என்று கேட்டு, சிறிய பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார். மூன்றும் மூன்றும் ஆறு என்று விளக்கினேன். “அப்படியானால் பெரியதை அழுத்தியதாக வைத்துக்கொள்” என்றார். அம்மா பாரபட்சம் பார்ப்பதில்லை, உள்ளங்கையால் இரண்டையும் சேர்த்து அமுக்கிவிடுகிறார். மனைவியின் குறை வேறு: கிண்ணத்தில் தேங்கும் தண்ணீர் குறைவு என்பதால் பிரஷ் அடிக்கடி தேவைப்படுகிறது. “தண்ணீர் மிச்சம், என் கை மிச்சமில்லை” என்றாள். பிரஷ் இப்போது என் பொறுப்பு.

கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி மகளிடம் கொடுத்தேன். யார், எந்தப் பொத்தான், எத்தனை முறை. அவள் கழிப்பறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டே எழுதினாள். தாத்தாவின் பக்கம் முதல் நாளே நிரம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெளியே வந்தேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். “அப்பா. பெரியது. இரண்டு முறை. 12 லிட்டர்.”

“சரியாகப் போனதா என்று ஒரு சந்தேகம்...” என்று ஆரம்பித்தேன்.

“பரவாயில்லை அப்பா” என்றாள். “பழைய தொட்டிக்கு 13. இன்னும் 1 லிட்டர் மிச்சம்தான்.”

செங்கல் மிச்சப்படுத்திய அதே 1 லிட்டர்.