அவனுக்குப் புரியவில்லை என்று யார் சொன்னது?

அக்காவின் சின்ன மகனுக்கு ஆட்டிசம். அவனுடைய அண்ணன் டெங்குவில் தவறியதிலிருந்து, துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டு: "பாவம், இவனுக்கு ஒண்ணும் புரியல."

புரியாமலா ராத்திரி முழுக்க அண்ணனுடைய ஸ்கூல் பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறான்? பக்கத்தில் அண்ணன் தட்டு இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டேன் என்கிறான். "டேய், ஷூவைப் போடு" என்று அண்ணன் அதட்டுவதை அச்சு அசலாக அதே குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அக்கா அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

தயவுசெய்து அவனிடம் "அண்ணன் தூங்குறான்", "சாமிகிட்ட போயிருக்கான்" என்று சொல்லாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை. எப்போது எழுந்திருப்பான் என்று காத்திருப்பான், இல்லையென்றால் தான் தூங்கவே பயப்படுவான். சிறப்பாசிரியர் சொன்னபடி அக்கா நேராகவே சொல்லிவிட்டாள்: "அண்ணன் செத்துட்டான். இனி வர மாட்டான்." கேட்கிற நமக்குத்தான் பதறுகிறது. அவன் தினமும் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவளும் ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொல்கிறாள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காரியத்துக்கு வருகிறவர்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டாம். கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஆகாது. மாடி அறையை அவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.