காசு போடாத ஆட்டக்காரனுக்கு என்ன மதிப்பு?

"நான் ஒரு ராண்ட்கூடப் போடறதில்ல, என்னால கம்பெனிக்கு என்ன லாபம்?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் போனில் இலவச கேம் ஆடித் திரியும் பையன்கள் பெருமையாகக் கேட்கிற கேள்வி இது. லாபம் உண்டு.

முதலில் காசு போடுகிறவனைப் பார்ப்போம். 99 ராண்டுக்கு, கேமுக்குள் செலவழிக்கிற ஒரு வைரப் பொதி வாங்குகிறான். அந்த விலைக்குள்ளேயே 15 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது, 12.91 ராண்ட் அரசுக்குப் போய்விடும். மீதி 86.09ல் ஆப் ஸ்டோர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் கம்பெனி கைக்கு வருவது 60.26.

இனி செலவு. விளம்பரம் போட்டு ஒருவனை கேமை இறக்க வைக்க 10 ராண்ட் ஆகிறது என்று வையுங்கள். நூறு பேருக்கு 1000 ராண்ட். நூறில் மூன்று பேர்தான் காசு போடுகிறார்கள் என்றால், போட்ட பணத்தை எடுக்கவே ஆளுக்கு ஆறு பொதி வாங்கியாக வேண்டும். யார் வாங்குவார்கள்? இரண்டு பேர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாமவன் பதினைந்து, இருபது என்று கொட்டுவான். அவனுக்குப் பெயர் 'திமிங்கலம்', காசினோக்காரர்களிடமிருந்து வந்த சொல். 1996ல் கேம் ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் பார்ட்டில் ஆட்டக்காரர்களைக் குணத்தை வைத்து நாலாகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடித் திரிபவர், பழகுபவர், கொல்பவர். கம்பெனியின் வருமானக் கணக்கிலோ குணமல்ல, பர்ஸ்தான் பேசும்.

ஆனால் திமிங்கலத்துக்கு எதிரே ஆட ஆள் வேண்டுமே. ஓசியில் ஆடுகிறவனின் மதிப்பு அங்கேதான். தென்னாப்பிரிக்கா மாதிரிச் சின்னச் சந்தையில் அது இன்னும் கூடுதல்.

ஐந்துக்கு ஐந்து ஆட்டம், மாலையில் 1200 பேர் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். மூன்று மோட் (ஆட்ட வகை), எட்டு ரேங்க் (திறமைப் படி). சமமாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 50 பேர், அதாவது ஐந்து ஆட்டம். ஓர் ஆட்டம் 35 நிமிடம் என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒன்றுதான் முடியும். அதுவரை புதிதாக வந்தவன் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாதிப் பேர் போய்விட்டால் அந்த ஏழு பதினான்காகும். உடனே கேம் ரேங்க் வித்தியாசத்தைத் தளர்த்தும். கத்துக்குட்டியை வித்தகனோடு கோத்துவிடும். அடி வாங்கியவன் மறுநாள் வரமாட்டான், வரிசை இன்னும் நீளும். கடைசியில் ஐரோப்பிய சர்வருக்குத் தள்ளிவிடும். பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் நேரம், 150 மில்லிசெகண்டுக்கு மேல் எகிறும். நாம் சுடுவதற்குள் எதிராளி சுவருக்குப் பின்னால் போயிருப்பான். பிறகு திமிங்கலமும் கிளம்பிவிடும்.

2019ல் மைக்ரோசாஃப்ட் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், 2020ல் அமேசான் கேப் டவுனிலும் டேட்டா சென்டர் திறந்துவிட்டன. கேம் சர்வரை உள்ளூரிலேயே வைக்க வாடகைக்கு இடம் இருக்கிறது. ஆள் குறைந்தால் அந்த வாடகையைக் கட்டக் கம்பெனிக்கு மனசு வராது. இதில் கரண்ட் கட் வேறு. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தவனையும், கோபத்தில் பாதியில் ஓடினவனையும் கேம் ஒரே தராசில் நிறுத்துத் தண்டனை போடும். ஆளைச் சேர்த்துவைக்க வேண்டிய ஊரில் இது முட்டாள்தனம்.

சர்வரை நாமே தேர்வு செய்ய விடும் கேம் என்றால், இரவு ஏழிலிருந்து பத்துக்குள் ஐரோப்பா டிக்கை எடுத்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் மட்டும் இருக்கட்டும். ஒரே மோடில் எல்லாரும் நின்றால் வரிசை சீக்கிரம் நகரும்.