நாற்பது மணி நேரத்துக்குப் பிறகு: தனியார் விமானி உரிமத்தை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்ட அனுபவம்

அமெரிக்காவில் பெற்ற தனியார் விமானி உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இங்குள்ள தேர்வுகள் மிகக் கடினமா என்பதுதான். கடினமல்ல என்பதே என் பதில். ஐசிஏஓ எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த தரத்தையே இரு நாடுகளும் அடியொற்றுவதால், குறைந்தது 40 மணி நேரப் பறத்தல், வழியில் வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் 150 கடல் மைல் தனிப் பயணம் ஆகியவை இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. அப்படியிருந்தும் கலிபோர்னியாவில் ஆசிரியரும் பல் மருத்துவரும் சனிக்கிழமை காலையில் பறக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த விருப்பத்துக்காகப் பறப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பணம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாடுகளிலும் இந்த நடைமுறையைக் கடந்து வந்தவன் என்ற முறையில், உரிமம் கைக்கு வந்த பிறகு தொடங்கும் விஷயங்களே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நான் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் உள்ள லிவர்மோரில் கற்றேன். வெளிநாட்டுக் குடிமகன் என்பதால், பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையிடம் கைரேகை கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. அதன்பின் மருத்துவச் சான்று, 60 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு, இறுதியில் தேர்வாளருடன் வாய்மொழித் தேர்வும் பறத்தல் தேர்வும். தேர்ச்சி பெற்ற அன்றே தற்காலிக உரிமத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இடம் என்று கடற்கரையோரத்து வாட்சன்வில் நிலையத்தைத்தான் சொல்வேன். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. பொது அலைவரிசையில் நம் இருப்பிடத்தையும் நோக்கத்தையும் நாமே அறிவித்து, மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, வரிசையில் இணைந்து இறங்க வேண்டும். எரிபொருள் போடவும் ஆள் இல்லை. நிலைமின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் கம்பியின் கவ்வியை விமானத்தின் புகைபோக்கிக் குழாயில் மாட்டி, இயந்திரத்தில் கடன் அட்டையைத் தேய்த்து, சிறிய ஏணியில் ஏறி, நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172இன் இறக்கையில் உள்ள மூடியைத் திறந்து நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. தெளிவான வானிலையில் கண்பார்வை விதிகளின்படி பறப்பவர், சில குறிப்பிட்ட வான்பகுதிகளைத் தவிர்த்தால், பயணத் திட்டம் எதையும் யாரிடமும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததன்று. வாட்சன்வில் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை பயன்படுத்திய தளம். போர் முடிந்ததும் இத்தகைய நூற்றுக்கணக்கான தளங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கைமாற்றப்பட்டன. 1944இன் ஜிஐ சட்டத்தின் உதவித்தொகையில் முன்னாள் படைவீரர் பலர் விமானம் ஓட்டக் கற்றனர். இன்று அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டு நிலையங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றில் கோபுரம் உள்ளவை சுமார் 500 மட்டுமே. அலாஸ்காவின் நிலை வேறு: தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை இல்லாததால் அங்கே சிறு விமானம் அன்றாடத் தேவை.

போர்க்கால ஓடுதளங்கள் நமக்கும் இருந்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று பட்டியல் நீளும். சோழவரம் ஓடுதளம் பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்குப் பயன்பட்டது. மற்றவை பெரும்பாலும் புல் மண்டிக் கிடந்தன. ஜே.ஆர்.டி. டாடா 1929இலேயே இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார், மீனம்பாக்கத்தில் 1930களிலேயே மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் இயங்கியது என்பதையெல்லாம் பார்க்கும்போது, நாம் தாமதமாகத் தொடங்கினோம் என்று சொல்ல முடியாது. இறங்குவதற்கு ஊருக்கு ஊர் இடமில்லாமல் போனதுதான் நடந்தது.

உரிம மாற்றத்தில் காகித வேலை அதிகம், வியப்புக் குறைவு. என் உரிமம் உண்மையானதுதான் என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, இந்தியாவின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு உறுதிசெய்ய வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்திய வான்சட்டத்தைப் படித்து 70 விழுக்காடு மதிப்பெண் வாங்க வேண்டும். விமானத்திலிருந்து வானொலியில் பேசுவதற்கான உரிமம்தான் எனக்குப் புதிது. அமெரிக்காவில் உள்நாட்டில் பறக்க அப்படி ஒன்று தேவையே இல்லை. நான் எழுதிய காலத்தில் அந்தத் தேர்வை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. தேர்வாளர் கட்டுப்பாட்டு அலுவலராக நடிக்க, எதிரே உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தபடி ஒரு கற்பனைப் பயணம் முழுவதையும் வானொலி மொழியில் பேசி முடிக்க வேண்டும். இடையில் எஞ்சின் தீப்பிடித்ததாகச் சொல்வார். அவசர அழைப்பைச் சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். 2025இல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இந்தப் பொறுப்பும் டிஜிசிஏவிடம் வந்துவிட்டது. இனி விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் அலுவலகம் குறையும்.

வேறுபாட்டை முழுமையாக உணர்ந்தது, இங்கே வேறொரு ஊருக்குப் பறக்கக் கிளம்பிய அன்றுதான். பயணத் திட்டத்தைத் தாக்கல் செய்து, சென்னையில் உள்ள விமானத் தகவல் மையத்தைத் தொடர்புகொண்டு ஓர் எண்ணும், விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதிக்கான மற்றோர் எண்ணும் பெற்ற பிறகே எஞ்சினை இயக்க முடிந்தது. இறங்கும் நிலையம் அந்த நேரத்தில் பணியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களையும் கல்பாக்கம் தடைப்பகுதியையும் வரைபடத்தில் குறித்து வழியை வளைக்க வேண்டும். 1995இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் போடப்பட்டதை நினைத்தால், இந்த எச்சரிக்கைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லையிலிருந்து தொலைவில், பட்டப்பகலில், இரண்டு உள்நாட்டு ஊர்களுக்கிடையே பறக்கும் நான்கு இருக்கை விமானத்துக்கும் அதே கெடுபிடி தேவையா என்பது விவாதிக்க வேண்டிய ஒன்று. தாழ்நிலை வான்வெளியும் நீண்ட காலம் ராணுவத்தின் பிடியில் இருந்த சீனாவிலும் தனியார் பறத்தல் இதேபோல மெலிந்தே கிடந்தது.

எரிபொருள் இன்னொரு தடை. செஸ்னா போன்ற சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களுக்கான ஏவ்காஸ் எரிபொருள் 2022 வரை இறக்குமதிதான். அந்த ஆண்டில்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் உள்ள தன் ஆலையில் தயாரித்து அதை அறிமுகப்படுத்தியது. பெரிய விமான நிலையங்களில் ஜெட் எரிபொருள் தாராளமாகக் கிடைத்தாலும் அது செஸ்னாவுக்கு ஆகாது. பயிற்சித் தளங்களில் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் ஏற்றுகிறார்கள். ஆகவே போகும் ஊரில் ஏவ்காஸ் இல்லையென்றால், திரும்பி வருவதற்கும் சேர்த்து இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த எடைக்கு ஈடாகப் பின்னிருக்கைப் பயணிகளை விட்டுச் செல்ல நேரிடும்.

சொந்த விமானம் வாங்கும் எண்ணத்தை நான் தள்ளி வைத்திருக்கிறேன். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான விமானத்துக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் 3 விழுக்காடு கூடுதல் வரியும் இருந்தது, 2025 செப்டம்பர் முதல் 40 விழுக்காடு ஆகிவிட்டது. இப்போது பயிற்சிப் பள்ளியின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறேன். வணிக உரிமத்துக்குப் பயிலும் மாணவர்களுக்கே அங்கு முன்னுரிமை என்பதால், அவர்கள் தேர்வுக்குப் போகும் வாரங்களில்தான் எனக்கு எளிதாக இடம் கிடைக்கிறது. மாற்றத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் எஃப்ஏஏவின் உறுதிக் கடிதத்துக்கு அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே எழுதிவிட்டு, பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வாங்குவது நல்லது.