எஃப் படிவத்தில் ஒரு கேள்வி

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜைதான் என் வேலை. பில் போடுவேன், டோக்கன் கொடுப்பேன், "தண்ணி நல்லா குடிச்சிட்டு உக்காருங்க, முட்டினா மட்டும் சொல்லுங்க" என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்வேன். அதோடு கர்ப்பிணி யார் வந்தாலும் எஃப் படிவம் நிரப்புவதும் என் பொறுப்பு.

அந்தப் படிவம் நிரப்பாமல் மெஷின் பக்கத்தில்கூடப் போக முடியாது. பெயர், வயது, விலாசம், கடைசி மாதவிடாய் தேதி, எந்த டாக்டர் அனுப்பினார், எதற்காக ஸ்கேன். "பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை" என்று கர்ப்பிணி கையெழுத்துப் போட வேண்டும். "நான் கண்டுபிடிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை" என்று டாக்டர் போட வேண்டும். இதற்கு இடையில் ஒரு கேள்வி உண்டு: உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன வயது?

இத்தனை வருஷத்தில் நான் அதிகம் யோசித்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். "ஒரு பையன், நாலு வயசு" என்று சொல்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளை என்று சொல்கிறவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வரும். "ரெண்டும் பொட்டப்பிள்ளையாக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் சொல்வதற்கு முன்பே கூட வந்த மாமியார் விரலை மடக்கிக் காட்டுவார். நான் எழுதிக்கொண்டே "ஸ்கூலுக்குப் போறாளா?" என்று ஏதாவது கேட்பேன். அது மட்டும்தான் நமக்குச் செய்ய முடிந்தது.

நேரடியாக "ஆணா பெண்ணா" என்று கேட்கிற ஆள் இப்போது குறைவு. சுவரில் பெரிய போர்டு இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைப்பார்கள். "துணி எடுக்கணும், என்ன கலர்ல எடுக்கலாம்?" என்பது பழைய உத்தி. "பேறுகாலச் செலவுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும் டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார். செலவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் டாக்டருக்கு முதலில் புரியவில்லை. பெண்ணாக இருந்தால் இன்றைக்கே நகைச் சீட்டு சேர வேண்டுமாம். வயதான அம்மாக்கள் என்னிடம் வருவார்கள். "மக்ளே, உள்ள போய் ஒண்ணு கேட்டுச் சொல்லுவியா? ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சொல்கிறவருக்கு மட்டும் தண்டனை இல்லை, கேட்கிறவருக்கும் உண்டு. வயிற்றுப் பிள்ளையின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் இது. 1996 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். பாலினத்தைச் சொன்ன டாக்டருக்கு மூன்று வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பாலினம் பார்க்கச் சொல்லிக் கேட்ட குடும்பத்தாருக்கு மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். டாக்டரைவிட மாமியாருக்கு அபராதம் அதிகம் என்றால் யாரும் நம்புவதில்லை. கர்ப்பிணியை மட்டும் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. புருஷனோ வீட்டாரோ கட்டாயப்படுத்தித்தான் வந்திருப்பாள் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தச் சட்டத்தை எழுதிய யாரோ ஒருவருக்கு வீடுகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்திருக்கிறது.

டாக்டர்களுக்கு இந்தப் படிவத்தின் மேல் கோபம் உண்டு. ஒரு கட்டத்தை நிரப்ப விட்டுப்போனால் வழக்கா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2019இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. படிவம் அரைகுறையாக இருந்தால் குற்றம் எங்கே நடந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது என்பது நீதிபதிகளின் கேள்வி. படிவம் நிரப்பி விரல் தேய்ந்த ஆள் நான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன்.

அப்புறம் எல்லோரும் சொல்கிற ஒரு பேச்சு இருக்கிறது: "நம்ம ஜில்லாவுல அதெல்லாம் கிடையாது." உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று வடக்கே கை காட்டுவார்கள். கள்ளிப்பால் கதை, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் எல்லாம் இங்கே செய்தித்தாளில் படித்ததோடு சரி. கணக்கும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையான பிள்ளைகளில் 1000 ஆணுக்கு 964 பெண் என்பது கன்னியாகுமரியின் எண்ணிக்கை. தமிழ்நாட்டுக்கு 943. கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழே. இயற்கையாகவே ஆண் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கும், நூறு பெண்ணுக்கு நூற்றைந்து ஆண் என்ற அளவில், அதாவது 1000 ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண். அப்படிப் பார்த்தால் 964 நல்ல எண்.

எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று மேஜையில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும்.

மூன்றாவது பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களின் படிவத்தைப் பார்த்தால் போதும். முதல் இரண்டும் பெண்ணாக இருப்பதுதான் வழக்கம். இரண்டு பையன்கள் இருந்து மூன்றாவதுக்கு வருகிறவர்கள் அபூர்வம். வந்தாலும் "தெரியாம ஆயிப்போச்சு" என்று சிரிப்பார்கள். ஆண் பிறக்கும் வரை பெறுவது, பிறந்ததும் நிறுத்துவது. இதனால் ஊர்க் கணக்கு கெட்டுப்போகாது. ஒவ்வொரு பிரசவத்திலும் ஆணா பெண்ணா என்பது புதிதாகத்தான் விழும், யார் எப்போது நிறுத்தினாலும் மொத்த விகிதம் அப்படியேதான் இருக்கும். வீட்டுக்குள்தான் மாறும். பெண் பிள்ளைகள் கூட்டமான வீடுகளில் வளர்வார்கள், தம்பிக்காகக் காத்திருந்த அக்காள்களாக வளர்வார்கள். அதைக் கணக்கெடுப்பு எண்ணாது.

இப்போது மூன்றாவதே குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை, 1.8 என்று 2019-21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரண்டோடு நிறுத்தினால் ஏறக்குறைய நாலில் ஒரு வீட்டில் இரண்டும் பெண்ணாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாவது கர்ப்பத்துக்கு வருகிற, முதல் பிள்ளை பெண்ணாக உள்ளவர்கள் முகத்தில் முன்பு மூன்றாவதுக்குப் பார்த்த படபடப்பை இப்போது பார்க்கிறேன்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்டரை ஆய்வு செய்ய வருகிற அதிகாரிகள் எஃப் படிவங்களைப் புரட்டும்போது பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்களைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பார்வை மெதுவாக எங்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய் வந்தாலே ஏதோ திட்டத்தோடு வந்திருப்பாள் என்ற நினைப்பு. வீட்டில் ஒரு பார்வை, இங்கே ஒரு பார்வை. கர்ப்பத்தைக் கலைப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி சில நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டதுதான். அதுவே குற்றம் என்று நினைக்கிற நர்சுகளை நான் பார்த்திருக்கிறேன். கருத்தடை தவறிப்போய், உண்மையிலேயே இன்னொரு பிள்ளை வளர்க்க வசதியில்லாமல் வருகிறவள் பெண் பிள்ளைக்காரியாக இருந்தால் அவள் பாடு கஷ்டம்.

வளைகுடாவிலிருந்து பேறுகாலத்துக்கு வருகிற பெண்கள் தனிக் கதை. துபாயில் எடுத்த ரிப்போர்ட்டில் ஆண் என்று அச்சடித்தே கொடுத்திருப்பார்கள், அங்கே தடை இல்லை. அவர்கள் கேட்பதே இல்லை. லட்டு டப்பாவோடு வந்துவிடுகிறார்கள்.

ஏன் இந்த ஏக்கம் என்று கேட்டால் கொள்ளி போட ஆள் வேண்டும் என்று வெளியூரில் சொல்வார்கள். இங்கே சர்ச்சுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே மாதிரிதான் ஏங்குகிறார்கள், ஆகவே கொள்ளி அல்ல காரணம். பவுன்தான். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் படிப்புக்கு அடுத்த கேள்வி எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், எத்தனை சென்ட் வஸ்து, அதாவது நிலம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் யாராவது வந்து படிவம் நிரப்பச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழைய திருவிதாங்கூர் சட்டமும் இந்தப் பழக்கத்துக்கு முட்டுக் கொடுத்தது. 1916ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம், அதாவது கல்யாணச் சீதனம், கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1956இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த மனக்கணக்கு கூடவே வந்துவிட்டது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தன் அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டுப் போராடி, 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது, மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று சொன்னது. இந்துப் பெண்களுக்குத் தமிழ்நாடு 1989இலேயே பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. இந்த இரண்டு பேருக்கும் காகிதத்தில் இன்று மகள் மகன் வித்தியாசம் இல்லை.

எங்கள் சென்டருக்குக் கர்ப்பிணிகள் மட்டும் வருவதில்லை. கல்லடைப்பு, பித்தப்பை, ப்ராஸ்டேட் என்று வயதானவர்களும் வருவார்கள். அவர்களைக் கூட்டி வருவது பெரும்பாலும் மகள்கள்தான். மகன் மஸ்கட்டிலோ பெங்களூரிலோ இருப்பான், பில்லுக்கு ஜிபே பண்ணுவான், அதைக் குறை சொல்லவில்லை. தாத்தாவின் கையைப் பிடித்து டாய்லெட்டுக்குக் கூட்டிப் போகிற பிள்ளை பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளாக இருப்பாள். ஒரு பாட்டியிடம் இதைச் சொல்லியும் பார்த்தேன். "அது சரிதான் மக்ளே, இருந்தாலும் ஒரு ஆம்பிளப் பிள்ளை வேணும்லா" என்றார், மகள் தோளில் சாய்ந்துகொண்டே.

ஸ்கேன் அறையில் சட்டம் வேலை செய்கிறது, ஏனென்றால் ஒரு படிவம் இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இருக்கிறது. சொத்து விஷயத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. பத்திர ஆபீசில் அக்கா தங்கைகள் வரிசையாக வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். விருப்பத்தோடு கொடுக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், வேறு என்ன சொல்வார்கள்?

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் லீவு கேட்டாள். அண்ணனுக்கு விடுதலை எழுதிக் கொடுக்கப் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டும் என்றாள். அப்பாவின் வீடும் பின்னால் இருக்கிற விளை என்கிற தோப்பும். எனக்குக் கோபம் வந்தது. ஏன் பிள்ளே விட்டுக்கொடுக்கிறாய், உனக்கும் சமபங்கு உண்டு என்றேன். "தெரியும்க்கா. பொறந்த வீட்டுப் படி ஏறணும்லா" என்றாள். அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். நாளைக்கு இதுங்களுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். சட்டென்று சொன்னாள்: "எங்க வஸ்துவை ரெண்டு பேருக்கும் சரிபாதி எழுதிருவோம். பங்கு கேக்க ஆம்பிளப் பிள்ளை இல்லல்லா?"