தலையாட்டியும் வரவு இடாப்பும்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்குத் 'தலையாட்டி' என்றால் தஞ்சாவூர்ப் பொம்மை ஞாபகம் வராது.

விடியப்புறம் ஆமி (இராணுவம்) ஊரைச் சுற்றிவளைக்கும். ஆம்பிளைகளைக் கோயில் வீதியில் இருத்தி, பிறகு வரிசையாக நடத்துவார்கள். ஜீப்புக்குள் ஒருவர், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவனைப் பிரித்தெடுப்பார்கள். அதுதான் முழுச் சாட்சியும். சாக்குக்குள் இருந்தவரும் பெரும்பாலும் பிடிபட்டு அடிவாங்கிய பெடியன்தான். ஒருவரையும் காட்டாவிட்டால் திரும்பவும் அடி. ஆகவே தெரிந்த முகத்துக்கும் ஆடும், பழைய கோபத்துக்கும் ஆடும்.

ஐசியும் (தேசிய அடையாள அட்டை) காப்பாற்றாது. அந்தக் கால இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. 68 என்று தொடங்கினால் 1986 இல் வயது பதினெட்டு. ஆமி தேடியதும் அந்த வயதைத்தான். ஐசி எடுக்கும் வயது வராத, ஆனால் நெடுத்து வளர்ந்தவன் பாடு இன்னும் மோசம்.

பிறகு 1979 இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அப்போது மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை வழக்கில்லாமல் வைத்திருக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதைக் கைதிதான் நிரூபிக்கவேண்டும். எழுதியது சிங்களத்தில், கையெழுத்துத் தமிழில். காலிப் பக்கம் பூசா முகாமுக்கு ஏற்றிவிட்டால் தாய் தகப்பன் போய்ப் பார்ப்பதே பெரும்பாடு.

அதற்கு முன்னமே ஓடவேண்டும். பள்ளிக்கூட அதிபரின் கடிதம், விதானையாரின் (கிராம அலுவலர்) கடிதம், வரவு இடாப்பு (மாணவர் வருகைப் பதிவேடு) மூன்றையும் கொண்டு தாய் தகப்பன் காம்ப் வாசலில் நிற்பார்கள். இடாப்பு நல்ல சாட்சி, ஆனால் பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும். கண்ணிவெடி பின்னேரம் ஆறு மணிக்கென்றால் அது உதவாது.

விட்டுவிட்டால்தான் அடுத்த ஆபத்து. "இவனை மட்டும் ஏன் விட்டவங்கள்?" என்று ஒழுங்கைக்குள் கேட்கத் தொடங்கும். இரண்டு கிழமையில் வந்தால் சந்தேகம், இரண்டு நாளில் வந்தால் இன்னும் கூட. இயக்கங்களின் (ஆயுதம் ஏந்திய தமிழ்க் குழுக்கள்) விசாரணைக்கு அப்பீல் இல்லை. லைற் போஸ்ற்றில் கட்டி, கழுத்தில் தொங்கவிட்ட மட்டையில் எழுதியிருப்பதுதான் தீர்ப்பு. ஆமிக்கு இயக்கத்தின் ஒற்றன், இயக்கத்துக்கு ஆமியின் ஒற்றன்: ஒரே பெடியன், ஒரே மாதத்தில்.

அதனால் விடுதலையான கையோடு கொழும்புக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி. விடுகைப் பத்திரம் (பள்ளியை விட்டு விலகும் சான்று) கேட்டுத் தாய்மார் வந்தால், பள்ளிக்கூடக் கந்தோரில் காரணம் கேட்கமாட்டார்கள்.