அப்பாவின் இந்திய நம்பரும் எம்ஆர்டி வைஃபையும்

அப்பா கும்பகோணத்திலிருந்து ஒரு மாதம் தங்கிப் போக வந்திருந்தார். எங்கள் வீடு சிங்கப்பூரில், செங்காங்கில். பகல் முழுக்க எனக்கு வேலை. அவருக்கோ தினமும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சந்தையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வர வேண்டும். எம்ஆர்டி ரயிலின் வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா ஒன்பதாவது நிறுத்தம், வண்டி மாற வேண்டியதில்லை, நிலையத்தின் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும், அதனால் வழி தப்புவார் என்ற பயம் எனக்கு இல்லை. போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நெட் வேண்டியிருந்தது.

உள்ளூர் சிம் அட்டை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கடவுச்சீட்டைக் காட்டினால் கடையிலேயே பதிந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் அப்பாவின் கைபேசியில் இரண்டாவது சிம் போடும் இடம் கெட்டுப்போயிருந்தது, இருக்கிற ஒன்றையும் கழற்ற விடமாட்டார். பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வருகிறது, கழற்றினால் பென்ஷன் கணக்கைப் பார்க்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். சரி, எம்ஆர்டி நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபையில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் கைபேசியில் இது எப்போதோ முடிந்த வேலை. வைஃபை பட்டியலில் வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்பதைத் தொட்டு, ஈஏபி முறை, அதாவது எப்படி அடையாளம் காட்டுவது, என்று கேட்கும் இடத்தில் சிம் என்று தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். கடவுச்சொல்லே கிடையாது, உள்ளூர் சிம் அட்டையே யார் என்று அடையாளம் சொல்லிவிடுகிறது. 2006 டிசம்பரில் இந்தச் சேவை தொடங்கியபோது வேகம் 512 கேபிபிஎஸ்தான், இப்போது வீடியோ அழைப்பே தடங்கல் இல்லாமல் போகிறது. அப்பாவின் இந்திய சிம்முக்கு அந்த வழி இல்லை. வயர்லெஸ்@எஸ்ஜி செயலியில் கைபேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைப் போட்டுப் பதிய வேண்டும். வெளிநாட்டு எண்ணையும் ஏற்றுக்கொள்கிறது. "இதானேம்மா, நம்ம ஊர் ஸ்டேஷன்லயும் இப்படித்தான், நம்பர் போட்டா ஓடிபி வரும், அரை மணி நேரம் ஃப்ரீ" என்றார் அப்பா, இந்திய ரயில் நிலையங்களில் கிடைக்கும் ரெயில்டெல் வைஃபையை நினைத்துக்கொண்டு.

+91 போட்டு எண்ணைக் கொடுத்தோம். ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்டோம், வரவில்லை. நான்கு முறை. செங்காங் நிலையத்தில் நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், கண்ணாடிக் கதவுகளுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வந்து வந்து போயின. அப்பா பொறுமையாகத்தான் இருந்தார், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த நாள் அது. கடைசியில்தான் மேலே சிக்னல் கோடுகள் இருக்கும் இடத்தைக் கவனித்தேன். சேவை இல்லை என்று காட்டியது. வெளிநாட்டில் சிம் வேலை செய்ய வேண்டிய ரோமிங்கே போடவில்லை! கிளம்புவதற்கு முன் ஊரில் கைபேசிக் கடையில் அப்பா கேட்டபோது, குறுஞ்செய்தி தானாக வரும், எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன், அவன் அங்கிருந்தே இருப்பதிலேயே சின்ன ரோமிங் பேக் ஒன்றைப் போட்டான். அப்பாவின் கைபேசியை அணைத்துப் போட்டு, நெட்வொர்க் தேடச் சொல்லி, இங்குள்ள ஒரு நிறுவனத்தைக் கையாலேயே தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், கைபேசி நடுங்கிக்கொண்டே நான்கு ஓடிபியும் வரிசையாக வந்து விழுந்தன. அவசரத்தில் முதலாவதைப் போட்டேன், செல்லாது என்றது. புதிதாக ஒன்று கேட்டுப் போட்ட பிறகுதான் வேலை முடிந்தது.

அடுத்த பாடம் வண்டிக்குள். எங்கள் அனுபவத்தில் இந்த வைஃபை நடைமேடையோடு சரி. சுரங்கத்துக்குள் என் கைபேசியில் பேச முடிகிறதே என்றால், அது வேறு விஷயம். சுவர் ஓரமாகப் போகும் கேபிள் வழியாகக் கைபேசி நிறுவனங்களின் சிக்னல் வருகிறது, மொபைல் டேட்டா இருப்பவர்களுக்கு அது போதும். அப்பாவிடம் டேட்டா இல்லை. வண்டி நிலையத்தில் நிற்கிற அரை நிமிடத்துக்குள் வைஃபை குறி எட்டிப் பார்க்கும், இணைவதற்குள் கதவு மூடிவிடும். ஹவ்காங்கில் ஒரு குறி, கோவனில் ஒரு குறி, ஒன்றிலும் செய்தி போகாது. முதல் நாள் உட்லீ வரைக்கும் விடாமல் முயன்றிருக்கிறார் மனிதர்.

அதனால் இரண்டு பேரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வண்டிக்குள் கைபேசியைத் தொடவே வேண்டாம். அது அவருக்கு வசதியாகவும் போயிற்று. வடகிழக்குப் பாதையில் ஓட்டுநர் இல்லாத வண்டி, முன்பெட்டிக்குப் போனால் கண்ணாடி வழியே சுரங்கம் முழுக்கத் தெரியும், சின்னப் பிள்ளைகளோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டே போவார். லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் மின்படிக்கட்டுப் பக்கம் போகாமல், முதலில் நடைமேடை இருக்கையில் உட்கார வேண்டும். குறி நிலையாக நின்ற பிறகு என்னை அழைக்க வேண்டும்.

காலை ஒன்பதே முக்கால் வாக்கில் அழைப்பு வரும். "இறங்கிட்டேன்மா, உட்கார்ந்துட்டேன், சாயங்காலத்துக்கு முருங்கைக்கீரை வாங்கவா?" அலுவலகத்தில் யார் இருந்தாலும் அந்த அழைப்பை எடுக்காமல் இருந்ததில்லை.

அடுத்து மாமியார் வருகிறார்கள். டிக்கெட் போட்ட அன்றே தம்பியிடம் சொல்லிவிட்டேன், விமானம் ஏறுவதற்கு முன்னால் ரோமிங் போட்டாயிற்றா என்று அத்தையின் கைபேசியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பச் சொல்லி.