அறிகுறிகளே ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்போது

நிலநடுக்கம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது. நீண்ட போருக்கும் என்றோ ஒரு நாள் முடிவு வருகிறது. ஆனால் அவற்றில் உயிர் தப்பியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கமின்மையும் கொடுங்கனவுகளும் சிறு சத்தத்துக்கே திடுக்கிடுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. நிகழ்வு முடிந்த பிறகும் துன்பம் ஏன் முடிவதில்லை என்ற கேள்விக்கு, கடந்த பதினைந்து ஆண்டுகளில் உளவியலாளர்கள் சிலர் முன்வைத்துள்ள ‘வலைப்பின்னல் அணுகுமுறை’ தரும் விடை நான் வாசித்தவற்றில் மிகவும் நேர்மையானதாகத் தோன்றுகிறது. அதன் குறைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி., 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் முதன்முதலாக இடம்பெற்றது. அன்று முதல் பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைக் காசநோயைப் போலவே எண்ணிப் பார்த்தார்கள். இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகிய மூன்றுக்கும் நுரையீரலில் உள்ள கிருமிதான் காரணம். கிருமி அழிந்தால் மூன்றும் நீங்கும். இருமல்தான் காய்ச்சலை உண்டாக்குகிறது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அதே முறையில், கொடுங்கனவும் கோபமும் மரத்துப்போன உணர்வும் உள்ளே மறைந்திருக்கும் ஒரே நோயின் வெளி அடையாளங்கள் என்று கருதப்பட்டது. ஆனால் அந்தக் கிருமிக்கு நிகரான எதையும் மனக்கோளாறுகளில் இதுவரை எவரும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னி போர்ஸ்போம், ஆங்கெலிக் கிராமர் முதலியோர் 2010-ஆம் ஆண்டையொட்டி வேறொரு பார்வையை வளர்த்தெடுத்தனர். அறிகுறிகளுக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அறிகுறிகள் ஒன்றையொன்று தூண்டி உருவாக்கும் பின்னலே நோயாக இருக்கலாம் என்றார்கள். அழைக்காமலே வந்து நிற்கும் நினைவு நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது. படபடப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்காதவருக்கு மறுநாள் எரிச்சல் மிகுகிறது, வேலையில் கவனம் நிற்பதில்லை. எரிச்சல் வீட்டாரை விலக்குகிறது. விலகலில் குற்றவுணர்வு பிறக்கிறது. குற்றவுணர்வு மறுபடியும் அதே நினைவிடம் கொண்டுபோய் விடுகிறது. பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டால், அவர்களில் பலர் தம் நிலையை ஏறத்தாழ இப்படித்தான் விவரிப்பார்கள். அவர்கள் சொல்லும் காரண வரிசையை அறிவியல் பொருட்படுத்தத் தொடங்கியது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

துன்பம் தொடர்வதற்கான விளக்கமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 2017-இல் போர்ஸ்போம் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரையின்படி, அறிகுறிகளுக்கிடையேயான இணைப்புகள் தளர்வாக இருப்பவரிடம் அதிர்ச்சி தூண்டிய அறிகுறிகள் மெல்ல அடங்கிவிடும். இணைப்புகள் இறுக்கமாக இருப்பவரிடமோ, தூண்டிய காரணம் மறைந்த பின்னரும் அறிகுறிகள் ஒன்றையொன்று விழிப்பில் வைத்திருக்கும்.

இந்தப் பார்வையை வலுப்படுத்தும் இன்னொரு காரணமும் உண்டு. 2013-இல் வந்த கையேட்டின் ஐந்தாம் பதிப்பு பி.டி.எஸ்.டி.க்கு இருபது அறிகுறிகளை நான்கு தொகுதிகளாகப் பட்டியலிடுகிறது. அந்த விதிகளின்படி இந்த நோயறிதலைப் பெற 6,36,120 வெவ்வேறு அறிகுறிச் சேர்க்கைகள் உள்ளன என்று ஆய்வாளர்கள் கலாட்சர்-லெவியும் பிரையன்ட்டும் அதே ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரே நோய்ப்பெயர் பெற்ற இருவரிடம் பொதுவான அறிகுறி ஒன்றுகூட இல்லாமல் போகலாம் என்னும்போது, இருவருக்கும் பின்னால் ஒரே பொருள் மறைந்திருக்கிறது என்று நம்புவது கடினமாகிறது.

இந்த அணுகுமுறையை பி.டி.எஸ்.டி.க்குப் பொருத்திப் பார்த்த முன்னோடிக் கட்டுரை, ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நல்லி தலைமையில் 2015-இல் வெளியானது. அதற்கான தரவு சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்தது. 2008 மே 12 அன்று பிற்பகல் 2.28 மணிக்கு வென்சுவானை மையமாகக் கொண்டு நேர்ந்த நிலநடுக்கத்தில் சுமார் 69,000 பேர் இறந்தனர். ஏறத்தாழ 18,000 பேர் காணாமல் போயினர். அது பள்ளி நேரம். சுற்றியிருந்த கட்டடங்கள் நிற்க, பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்த ஊர்கள் பல. ஆய்வில் இடம்பெற்ற 362 பேரும் அந்தப் பேரழிவில் தம் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர். கையேட்டின் முந்தைய பதிப்பில் இருந்த பதினேழு அறிகுறிகள் ஒவ்வொன்றும் தம்மை எந்த அளவுக்கு வருத்துகிறது என்று அவர்கள் அளித்த பதில்களிலிருந்துதான் அந்த வலைப்பின்னல் வரையப்பட்டது.

அந்தப் படத்தில் ஒவ்வொரு அறிகுறியும் ஒரு கணு; கணுக்களை இணைக்கும் கோட்டின் தடிமன் இணைப்பின் வலிமையைக் காட்டுகிறது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விழிப்பாக இருப்பதற்கும் திடுக்கிடுவதற்கும் இடையே தடித்த கோடு ஓடுகிறது. பிந்தைய ஆய்வுகள் பலவற்றிலும் அதே கோடு திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. நிகழ்வைப் பற்றிய எண்ணங்களைத் தவிர்ப்பதும் அதை நினைவூட்டும் செயல்களைத் தவிர்ப்பதும் அதேபோல் நெருங்கி நிற்கின்றன. இந்த இரண்டாவது இணைப்பைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. அவை ஒன்றையொன்று உண்டாக்கும் இரு அறிகுறிகளா, அல்லது ஒரே கேள்வியைச் சற்று மாற்றி இருமுறை கேட்டதன் விளைவா என்பதைப் படம் சொல்லாது.

அந்தப் பதினேழில் ஒன்று, தமக்கு எதிர்காலமே இல்லை, வாழ்க்கை குறுகிவிட்டது என்ற உணர்வு. ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறையில் இருந்த நாட்டில், இருந்த ஒரே பிள்ளையையும் பள்ளி இடிபாட்டில் இழந்தவர் இந்த வினாவுக்கு ‘மிக அதிகமாக’ என்று விடையளித்தால், அது கோளாறின் அறிகுறியா, தம் நிலைமையைப் பற்றிய சரியான கூற்றா? பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அந்தக் கொள்கையிலிருந்து விலக்கு அளிக்கப்படும் என்று சிச்சுவானின் தலைநகரான செங்டுவின் நிர்வாகம் அந்த மே மாதத்திலேயே அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அந்த உணர்வு அவர்கள் உள்ளத்துக்குள் மட்டும் இருந்ததல்ல என்பது விளங்கும். ஐந்தாம் பதிப்பில் அது தனி அறிகுறியாக இல்லை. தன்னையும் பிறரையும் உலகையும் பற்றிய எதிர்மறை நம்பிக்கைகள் என்ற பரந்த அறிகுறிக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்தக் கோடுகள் எப்படிப் பெறப்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் தகராறு அங்கேதான் தொடங்குகிறது. இரு அறிகுறிகள் சேர்ந்து ஏறி இறங்குவது மட்டும் போதாது. மற்ற எல்லா அறிகுறிகளின் பங்கையும் கழித்த பிறகு அவ்விரண்டுக்குமிடையே மிஞ்சும் ஒட்டுறவையே கணக்கிடுகிறார்கள். தற்செயலாகத் தோன்றியிருக்கக்கூடிய மெலிந்த கோடுகளைப் புள்ளியியல் முறையால் நீக்கிவிடுகிறார்கள். எஞ்சியவற்றிலும் அம்புக்குறி கிடையாது. தூக்கமின்மை எரிச்சலைத் தருகிறதா, எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று ஒருமுறை மட்டும் எடுத்த கணக்கெடுப்பு சொல்ல முடியாது.

அப்படியிருந்தும், மிகுதியான இணைப்புகளைக் கொண்ட ‘மைய’ அறிகுறியைக் குணப்படுத்தினால் பின்னல் முழுவதும் தளரும் என்ற வாக்குறுதி சில ஆண்டுகள் கட்டுரைக்குக் கட்டுரை எழுதப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கணுவுக்குக் கோடுகள் மிகுந்திருப்பது, அது மற்றவற்றைத் தூண்டுவதாலும் இருக்கலாம், மற்றவை எல்லாம் வந்து முடியும் இடமாக அது இருப்பதாலும் இருக்கலாம். இரண்டாவது உண்மையானால், அதை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை வேரை விட்டு நுனியைப் பிடித்ததாகிவிடும்.

முடிவுகள் திரும்பக் கிடைக்கின்றனவா என்ற கேள்வியும் கடுமையாக எழுந்தது. மிரியம் ஃபோர்ப்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் இத்தகைய வலைப்பின்னல்கள் குறைந்த அளவிலேயே மறுபடி கிடைக்கின்றன என்று வாதிட்டனர். போர்ஸ்போம் குழுவினர் மறுத்தனர். மறு ஆண்டு எய்கோ ஃபிரீட் தலைமையிலான குழு, டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் சிகிச்சை பெற்றுவந்த நான்கு பிரிவினரை, மொத்தம் 2,782 பேரை, ஒப்பிட்டு, நான்கு பின்னல்களுக்கும் இடையே கணிசமான ஒற்றுமை இருப்பதைக் காட்டியது. வேற்றுமைகளும் இருந்தன. ஒரே ஒரு குழுவினரிடமிருந்து பெற்ற படத்தை வைத்துக்கொண்டு எவரும் உறுதியாகப் பேசக்கூடாது என்பது இந்தச் சர்ச்சையால் நிலைபெற்றது; அது நல்லதே.

அம்புக்குறி வேண்டுமென்றால் ஒரே நபரைக் காலப்போக்கில் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும். 2014 காஸா போரின்போது ராக்கெட் தாக்குதல் அச்சத்தில் இருந்த 96 இஸ்ரேலியக் குடிமக்களிடம், நாளுக்கு இருமுறை என முப்பது நாட்கள் கைபேசி வழியே கேட்டுப் பதிவு செய்த ஆய்வு இந்த வகையில் குறிப்பிடத்தக்கது. அதில், ஒரு வேளையில் கூடுதலாகத் திடுக்கிட்டவரிடம் அடுத்த வேளையில் பிற அறிகுறிகள் மிகுவதை முன்கூட்டியே காட்டுவதில் திடுக்கிடலே முதலிடம் பெற்றது. காரணம் இதுதான் என்று அதுவும் நிறுவிவிடவில்லை. எது முன்னால் வருகிறது என்பதையாவது காட்டியது.

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு, நுவன் ஜயவிக்ரமவும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்டது. இலங்கைப் போரில் தப்பிய 337 பேரிடம் திரட்டிய விவரங்களை அவர்கள் பயன்படுத்தினர். மேலைநாட்டு அறிகுறிப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்காமல், அந்த மக்களின் நிலைமைக்கென்றே உருவாக்கப்பட்ட வினாப்பட்டியலைக் கையாண்டார்கள். அதைவிட முக்கியம், அறிகுறிகளை மட்டும் கணுக்களாக்காமல், போரில் அனுபவித்த கொடுமைகள், அடிப்படைத் தேவைகளின் குறை, குடும்பச் சிக்கல்கள், சமூகச் சிக்கல்கள் ஆகியவற்றையும் அதே பின்னலில் சேர்த்தார்கள். பொதுவான தொடர்புகளைக் கழித்த பின், மையத்தில் நின்றவை போர்க்கால நிகழ்வுகள் அல்ல. சமூகச் சிக்கல்களே அவற்றைவிடத் தெளிவாக மையத்துக்கு நெருக்கமாக இருந்தன.

‘மையம்’ பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இந்த ஆய்வுக்கும் பொருந்தும். இதுவும் அம்புக்குறியற்ற படம்தான். ஆயினும் கணுக்களைத் தோலுக்கு உள்ளே மட்டும் தேடவேண்டியதில்லை என்று காட்டியதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். கடன், வீடின்மை, ஊராரின் விலக்கம் ஆகியவை தூக்கமின்மையையும் நம்பிக்கையிழப்பையும் தினந்தினம் தூண்டிக்கொண்டிருந்தால், ‘காரணம் மறைந்த பின்னும் அறிகுறி தொடர்கிறது’ என்ற கூற்றே அங்கே முழுமையாகப் பொருந்தாது, ஏனெனில் காரணங்களில் ஒரு பகுதி மறையவே இல்லை. இதைச் சோதிக்க, வீடும் வருமானமும் திரும்பக் கிடைத்த குடும்பங்களையும் கிடைக்காத குடும்பங்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, எந்த இணைப்பு முதலில் தளர்கிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுகள் வேண்டும்.